பட்டாளத்து பழைய போல்ட் ரைஃபிள்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் தோட்டம். கோவையில் கல்லூரி படித்தபோது என்.சி.சி. அணிவகுப்புக்காக என் கையில் ஒரு த்ரீ நாட் த்ரீ (.303 அங்குலக் குழாய் கொண்ட பட்டாள ரைஃபிள்) கொடுத்தார்கள். சுட முடியாத ரைஃபிள்தான். ஆனால் அதன் கழுத்தில் ஒரு கிரீடமும் 1917 என்ற ஆண்டும் பொறித்திருந்தது. அன்றிலிருந்து இந்தப் பொறிப்புகளை நோட்டுப் போட்டுக் குறித்து வருகிறேன். சொந்தக்காரர்களும், லைசென்ஸ் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும், பழைய பொருள் சேர்க்கும் இளைஞர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏனுங்க, புதுப்பிச்ச ரைஃபிள்னா என்ன? பழசுக்கு பெயின்ட் அடிச்சு விக்கறதா?

இல்லை. பட்டாளத்தில் ஒரு ரைஃபிள் இருபது முப்பது வருடம் உழைக்கும். பேரலின், அதாவது குழாயின், உள்வரி தேயும், மரக்கட்டை விரியும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் தளரும். அதைத் தூக்கிப் போடாமல் ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பி முழுசாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அளவு பார்த்து, சோதனைக்குச் சுட்டு, திரும்பவும் படைக்குக் கொடுப்பார்கள். பிரிட்டிஷ், இந்திய முறையில் இதற்கு எஃப்.டி.ஆர். என்று பெயர். தொழிற்சாலையில் நடந்த முழுப் பழுதுபார்ப்பு என்று பொருள். இந்த எழுத்துகளையும் ஆண்டையும் ரைஃபிளின் இடப்பக்கத்தில் பொறிப்பார்கள். அதன் பக்கத்தில் ஆர்.எஃப்.ஐ. என்றிருந்தால் வேலை நடந்த இடம் வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை.

சேகரிப்பவர்களில் பலர் புதுப்பித்ததை மட்டமாகப் பார்க்கிறார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே இருப்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945இல் புதுப் பேரல் வாங்கி, 1950களில் இஷாப்பூரில் கட்டை மாற்றி, கடைசியில் காவலர் தோளில் ஏறிய ஒரு ரைஃபிள், யாரும் தொடாமல் பெட்டியில் கிடந்ததைவிட எவ்வளவோ சொல்லும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம்ம ஊர்ல இதைச் சேகரிக்க முடியுங்களா?

வெளிநாட்டில் செய்வதுபோல் சுவர் நிறைய மாட்டி வைக்க முடியாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். .303, 7.62 ஆகிய பட்டாளக் குழாய் அளவுகள் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டவை. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ அதற்கு லைசென்ஸ் தர முடியாது. அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. சாதாரண லைசென்ஸிலும் ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இரண்டாகக் குறைத்துவிட்டது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 ஆண்டில் தொடங்கி 14 ஆண்டுவரை சிறை.

"இது ஓடாத துப்பாக்கிதானே, பழம்பொருள்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கிற ஆயுதத்துக்குத்தான் அது பொருந்தும். போல்ட்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டால் அது பழம்பொருளாகிவிடாது.

ஆகவே இங்கே சேகரிப்பு என்பது பெரும்பாலும் அறிவைச் சேர்ப்பதுதான். அதோடு லைசென்ஸ் உள்ளவரிடம் ஒரு நல்ல .315, அதாவது பொதுமக்கள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு ரைஃபிள். அதிலேயே ஒரு ஆயுளுக்குப் போதுமான வேலை இருக்கிறது.

எங்க அப்புச்சி காலமாயிட்டாருங்க. அட்டாலியில சாக்குக்குள்ள ஒரு ரைஃபிள் இருக்குது. என்ன பண்றது?

முதலில் குழாய் வாய் யாரையும் பார்க்காதபடி வையுங்கள். விசையைத் தொடாதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். போல்ட் ரைஃபிளைக் கையாண்ட பழக்கம் இல்லையென்றால் நீங்களாகத் திறந்து பார்க்கவும் வேண்டாம். நாற்பது வருடம் கிடந்த தோட்டா செத்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, அப்புச்சியின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் பத்திரம், பட்டா, பழைய கிஸ்து ரசீதுகளோடு அதே இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். கிடைத்தால் நிம்மதி. லைசென்ஸ்தாரர் இறந்தபின் ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு என்ற முறையில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. உயிரோடு இருப்பவர்கூட 70 வயது ஆகிவிட்டால், அல்லது 25 ஆண்டு அந்த ஆயுதத்தை வைத்திருந்தால், வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். அதனால் அப்பாரு நடமாட்டமாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

காகிதம் எதுவும் இல்லையா? வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, எழுத்து மூலமாகக் காவல் நிலையத்தில் சொல்லி ஒப்படையுங்கள். கிணற்றில் போடுவது, தோட்டத்தில் புதைப்பது, சித்தப்பா வீட்டுச் சாளைக்கு மாற்றுவது எல்லாம் சிக்கலைப் பெரிதாக்கும்.

கழுத்துல என்னென்னமோ எழுதியிருக்குதே, எப்படிப் படிக்கிறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

நம் பக்கம் கண்ணில் படும் பட்டாள போல்ட் ரைஃபிள் அநேகமாக பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு வகைதான். ரைஃபிளை வலது பக்கம் தெரியும்படி பிடித்தால், போல்ட் கைப்பிடிக்குக் கீழே, தோள்கட்டை இரும்போடு சேரும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு இரும்புக் கழுத்து இருக்கும். மேலிருந்து கீழே படியுங்கள். முதலில் கிரீடம். அதன் கீழ் ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர். ஜி.ஆர்.ஐ. என்றால் அவரே பேரரசர் என்ற பட்டத்தோடு. இது இந்தியத் தயாரிப்பின் அடையாளம், கீழே இஷாப்பூர் என்று இருக்கும். கிரீடம் இல்லாமல் அசோகச் சிங்கம் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தியது. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம், என்ஃபீல்டு என்றால் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலை, எல்.எஸ்.ஏ. என்றால் லண்டன், லித்கோ என்றால் ஆஸ்திரேலியா.

அதன் கீழே ஆண்டு. அதற்கும் கீழே மாதிரி. ரோமன் எண் மூன்று மட்டும் இருந்தால் 1907இல் வந்த மார்க் 3. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் 1916இல் போர் அவசரத்தில் எளிமையாக்கியது. அந்தச் சின்ன நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பது, மளமளவென்று ரைஃபிள் செய்தாக வேண்டிய நெருக்கடி. மேகசினை (தோட்டாப் பெட்டியை) அடைத்துவைக்கும் தகடு, இடப்பக்கத்து நெடுந்தூரக் குறிபார்வை இரண்டையும் கைவிட்டார்கள்.

பிறகு பேரலின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே பேரலுக்கென்று தனி ஆண்டு இருக்கும். கழுத்தில் 1917, பேரலில் 45 என்றிருந்தால் அது புதுப் பேரல் போட்டுக்கொண்ட ரைஃபிள். கட்டையில் பித்தளைத் தகட்டுக்குச் சற்று முன்னே, மேல்புறத்தில் ஓர் எழுத்து இருந்தால் அது சுடுபவனின் கை நீளத்துக்காக. எஸ் என்றால் அரை அங்குலம் குட்டை, பி என்றால் ஒரு அங்குலம் குட்டை, எல் என்றால் நீளம். யாரோ ஒருவனின் உடம்புக்கு அளவெடுத்த கட்டை அது. அந்த எழுத்தைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் அவன் எந்த ஊர்க்காரன் என்று யோசிப்பேன்.

அகன்ற அம்புக்குறி அரசுச் சொத்து என்பதைக் காட்டும். அதோடு ஆங்கில ஐ எழுத்து சேர்ந்தால் இந்திய அரசுக்கு உரியது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு இருந்தால் படையிலிருந்து கழித்து விற்றது.

நம்பர் எல்லாம் ஒண்ணா இருந்தாத்தான் அசலா?

சீரியல் நம்பர் பாடியில், பேரலில், போல்ட் கைப்பிடியின் பின்புறத்தில், குழாய் முனையை மூடும் மூக்குக் கவசத்தில், குறிபார்வைத் தகட்டின் அடியில், முன்கட்டையின் அடியில் என்று பல இடத்தில் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகவில்லை என்பதற்காகப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பழைய நம்பரைக் குறுக்கே கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் புது நம்பர் பொறித்திருந்தால், அது தொழிற்சாலை தெரிந்தே செய்த வேலை. நம்பர் ஒத்துப்போகாமல், கோடும் இல்லாமல், போல்ட் மட்டும் வேறாக இருந்தால் கவனம் தேவை. யாரோ இடையில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். போல்ட்டுக்கும் பேரலுக்கும் இடையே தோட்டா உட்காரும் இடைவெளி .303 ரைஃபிளில் 0.064 அங்குலத்துக்கும் 0.074 அங்குலத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதை அளவுகோல் வைத்து ஆயுத மெக்கானிக் பார்க்காமல் அந்த ரைஃபிளைச் சுடக்கூடாது.

லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு காரணத்துக்காகவும் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறோம் இல்லையா? ரைட்டர் முதலில் கண்ணில் படுகிற நம்பரை ரிஜிஸ்டரில் எழுதிவிடுவார். திரும்ப வாங்கும்போது லைசென்ஸில் ஒரு நம்பர், ரிஜிஸ்டரில் வேறு நம்பர் என்றால் அலைச்சல்தான். லைசென்ஸில் உள்ள நம்பர் எந்த இடத்தில் இருக்கிறதோ அதைத் தொட்டுக் காட்டி எழுதச் சொல்லுங்கள்.

இஷாப்பூர் கை பட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன்கட்டையில் மேகசினுக்குப் பக்கத்தில் மரத்தின் குறுக்கே ஊடுருவிப் போகும் ஒரு திருகாணி. நம் வெயிலுக்கும் மழைக்கும் கட்டை பிளக்காமல் இருக்க இஷாப்பூர் சேர்த்த காப்பு அது. இங்கிலாந்தில் செய்த ரைஃபிளில் இது இருந்தால் பின்னால் இந்தியாவில் பழுதுபார்த்தது என்று தைரியமாகச் சொல்லலாம். அடுத்து, நீலப் பூச்சுக்குப் பதில் இரும்பின்மேல் கெட்டியான கறுப்பு பெயின்ட். வால்நட் கட்டைக்குப் பதில் நம் நாட்டு மரத்தில், ரேகை முரடாகத் தெரியும் கட்டை.

முன்பக்கம் முழுக்கக் கம்பி சுற்றி ஈயம் பற்றவைத்திருந்தால் அது எறிகுண்டு வீசப் பயன்பட்டது. அந்த அதிர்ச்சியில் கட்டை சிதறாமலிருக்கத்தான் கம்பி. மேகசின் இருக்கும் இடத்தை மரத்தால் அடைத்து ஒவ்வொரு தோட்டாவாகப் போடும்படி இருந்தால் .410 மஸ்கட் துப்பாக்கி. .303ஐ மாற்றி காவல் பணிக்காகச் செய்தது.

மேகசின் வளைவு இல்லாமல் பெட்டிபோல் சதுரமாக இருந்தால் அதைத் தனியாக நோட்டில் குறியுங்கள். அது 2ஏ அல்லது 2ஏ1. 1960களில் 7.62 தோட்டாவுக்காக இஷாப்பூர் புதிதாகவே செய்த ரைஃபிள். பழைய .303ஐ மாற்றியது என்று பலர் சொல்வது தவறு. குறிபார்வைத் தகட்டில் 2000 வரை எண் இருந்தால் 2ஏ, 800 வரை இருந்தால் 2ஏ1. அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன் போட்ட வடிவத்தை எடுத்து, உறுதியான எஃகில், அன்றைய தோட்டாவுக்கு நம்மவர்கள் செய்து காட்டினார்கள். பட்டறை ஊரில் பிறந்தவன் என்பதால் இதில் எனக்குக் கூடுதல் பெருமை.

அப்போ .315ன்னு லைசென்ஸ்ல போட்டிருக்கே, அது என்னங்க?

பட்டாளத்துத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் தடை வந்தது. அதனால் ஆஸ்திரியப் படையின் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவைப் பொதுமக்கள் ரைஃபிளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதுதான் .315. இஷாப்பூர் செய்த .315இன் இயக்கம் லீ-என்ஃபீல்டுதான். போல்ட்டை முன்னே தள்ளும்போதே ஸ்பிரிங் இறுகுவதைக் கையில் உணரலாம். சட்டப்படி வைத்துக்கொண்டு அந்தப் பரம்பரையைக் கற்க நமக்கிருக்கும் நல்ல வழி இதுதான். தடாகம், ஆனைகட்டி, சிறுமுகை, சத்தியமங்கலம் பக்கம் காட்டோரத் தோட்டக்காரர்கள் சிலரிடம் பார்த்திருக்கிறேன். வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1972இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

என்.சி.சி.யில கொடுத்தது நிஜத் துப்பாக்கியா சார்?

ஒரு காலத்தில் நிஜம். டி.பி. என்று பொறித்திருக்கும், அணிவகுப்புக்கு மட்டும் என்று பொருள். பேரலில் துளை போட்டு, ஊசியை வெட்டிச் சுட முடியாமல் செய்திருப்பார்கள். பயிற்சிக்குச் சுடுவது .22. அடுத்த முறை அணிவகுப்பு முடிந்து ஆயுதம் ஒப்படைக்கும்முன் கழுத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள், தம்பி. ஆண்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்.

போலி வருமா?

வரும். பாகிஸ்தான்-ஆப்கன் எல்லைப்புறத்து மலைப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள் உண்டு. எழுத்துகள் கோணலாக இருக்கும், ஆங்கில என் எழுத்து திரும்பியிருக்கும், எழுத்துப்பிழை இருக்கும். விக்டோரியா ராணியின் வி.ஆர். முத்திரையும் 1901க்குப் பிந்திய ஆண்டும் ஒன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ராணி இறந்தது 1901 ஜனவரியில்.

வெளிநாட்டு ரைஃபிள்களும் இப்படிப் புதுப்பிச்சதுதானா?

நிறைய. சோவியத் நாடு போருக்குப்பின் மோசின்-நாகாந்த் ரைஃபிள்களை லட்சக்கணக்கில் பிரித்துப் பூட்டியது. கட்டையில் செந்நிற ஷெல்லாக் பூச்சும் போல்ட்டில் மின்பேனாவால் கிறுக்கிய நம்பரும் அதன் அடையாளம். ஜெர்மானியரிடம் கைப்பற்றிய மவுசர்களையும் அப்படியே செய்து, பலவற்றில் எக்ஸ் குறி போட்டது. யூகோஸ்லாவியாவின் எம்24/47 என்ற பெயரிலேயே 1924 மாதிரியும் 1947 புதுப்பிப்பும் இருக்கின்றன. இவற்றைப் படத்தில் பார்த்துப் பழகுங்கள். கண்ணுக்கு நல்ல பயிற்சி.

துரு ஏறியிருக்குதுங்க. கோயமுத்தூர்ல பஃப்பிங் போட்டா பளபளன்னு ஆயிருமே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

என் மாமா ஒருவரிடம் லைசென்ஸோடு .315 இருந்தது. அவர் போனபிறகு அவர் மகன், "அப்பா பொருள் அழகாக இருக்கட்டும்" என்று ஆசைப்பட்டு, பம்ப் பாகங்களுக்கு மெருகேற்றும் பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டான். இரண்டு நாளில் கண்ணாடிபோல் வந்தது. நான் போய்க் கழுத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. ஆண்டு இல்லை. தொழிற்சாலைப் பெயரில் பாதி இல்லை. சீரியல் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் வெறும் நிழலாகத் தெரிந்தது. வாரிசு லைசென்ஸ் சரிபார்ப்பில் அந்த இரண்டு இலக்கத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தான். அடையாளக் குறியை அழிப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். லைசென்ஸ் இல்லாத பட்டறையில் துப்பாக்கி வேலைக்குக் கொடுப்பதும் குற்றம். வழக்கு வராமல் போனது அவன் நல்ல நேரம். ஆனால் மாமா நாற்பது வருடம் விரலால் தொட்ட அந்த எழுத்துகள் திரும்பி வராது.

துருவுக்கு மெல்லிய இயந்திர எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். போகாததை விட்டுவிடுங்கள். உப்புத்தாள், கம்பித் தூரிகை, அமிலம் எதுவும் கிட்டே வரக்கூடாது. கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் சில துளி, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தால் போதும். பொள்ளாச்சிக்காரர்கள் கோபிக்கக் கூடாது, இரும்புக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. மார்கழிக் குளிரில் உறைந்து, போல்ட்டுக்குள் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். ஐப்பசி ஈரத்தைத் தோல் உறிஞ்சி இரும்புக்குக் கொடுத்துவிடும்.

பழைய ரைஃபிள் பேரல் உள்ளே ஏன் இவ்வளவு குழி?

தோட்டாதான் காரணம். பழைய .303 தோட்டாவின் பற்றவைப்பு மருந்து எரிந்து உப்பை விட்டுப்போகும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளில் துருவாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் பட்டாளத்தில் சுட்டு முடித்ததும் கொதிநீரைப் பேரலுக்குள் ஊற்றி, துணி இழுத்து, பிறகு எண்ணெய் போட்டார்கள். தோட்டாவின் உந்துமருந்து கார்டைட். சேமியா போன்ற இழைகளாக இருக்கும். அது மிகுந்த சூட்டோடு எரிந்து உள்வரியின் தொடக்கத்தையே அரித்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலில் போகும்போது குன்னூர் தாண்டி அருவங்காடு நிலையம் வருமே, அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த கார்டைட் தொழிற்சாலை இந்த மருந்தைச் செய்யத்தான் வந்தது. ரயில் சன்னலில் அந்த ஊர்ப்பெயர்ப் பலகையைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் இல்லாத நான் எதைச் சேர்க்கிறதுங்ணா?

பித்தளை எண்ணெய்க் குப்பி. தோள்கட்டையின் பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதற்குள் குப்பியும் பேரல் துடைக்கும் கயிறும் இருக்கும். பழைய இரும்புச் சந்தையில் குப்பி என்னவென்று தெரியாமலே கிடக்கும். கித்தான் தோள்பட்டை வார், பட்டாளத்துப் பயிற்சிக் கையேடு, தாத்தாவின் படைச் சான்றிதழ், ரைஃபிளோடு அவர் நிற்கும் படம் எல்லாம் சேருங்கள். உயிருள்ள தோட்டா ஒன்றுகூட வேண்டாம். நினைவுக்கு என்று பையில் போட்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

நான் சேர்ப்பது பொறிப்புகளின் படிகள். உரிமையாளர் முன்னிலையில், அவரே தோட்டா இல்லை என்று திறந்து காட்டியபின், கழுத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து 2பி பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்ப்பேன். முதலில் கிரீடத்தின் மேல்வளைவு தெரியும், பிறகு எழுத்து, கடைசியில் ஆண்டு. உரிமையாளர் ஒப்பினால் மட்டும் சீரியல் நம்பரையும் எடுப்பேன். அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுவேன். இதுவரை இரண்டு நோட்டு நிறைந்திருக்கிறது. உங்கள் வீட்டில் லைசென்ஸோடு ஒன்று இருந்தால், அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும் முன் இந்தப் படியை எடுத்து லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். ரைட்டரிடம் நம்பர் சொல்லவும் அது உதவும்.